கண்டிகோட்டா போறீங்களா, ஆத்தை கடைசியா பாருங்க

சென்னைலேர்ந்து ஆந்திராவுல கடப்பா ஜில்லால இருக்கற கண்டிகோட்டாவுக்கு கார்ல போறோம், அப்பா அம்மாவும் ரெண்டு சின்னப் பசங்களும் கூட வர்றாங்க, காலைல கிளம்பி நைட்டு திரும்பிடலாமா, ஃபோட்டோல வர்ற அந்தப் பள்ளத்தாக்கைத் தவிர அங்க பாக்க என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க.

முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன், ஒரே நாள்ல வேண்டாம். ஒரு பக்கம் மட்டுமே கிட்டத்தட்ட 350 கிலோமீட்டர், ஏழு மணி நேரம் கார்லயே போயிடும், அதுலயும் வயசானவங்க இருக்காங்க, நீங்க போய் சேரும்போது மதியம் ரெண்டு மணி, வெயில் மண்டைல அடிக்கும், கோட்டைக்குள்ள இருக்கற எதையும் கவனிக்காம நேரா பள்ளத்தாக்கு ஓரத்துக்குப் போய் நாலு ஃபோட்டோ எடுத்துட்டு, பசங்க தண்ணி கேக்க ஆரம்பிச்சதும் திரும்பிடுவீங்க. நான் முதல் தடவை போனப்ப இதைத்தான் பண்ணேன். வீட்டுக்கு வந்து ஃபோட்டோவைப் பாத்தா நடு வெயில்ல எடுத்த பள்ளத்தாக்கு தட்டையா ஒரு செவப்புப் பாறை மாதிரி இருக்கு, கோட்டை ஒண்ணுலயும் இல்ல. அதுக்கப்புறம் மூணு தடவை போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ராத்திரி தங்கி. அதனால ஒரு ராத்திரி தங்கற மாதிரி பிளான் பண்ணுங்க, மத்ததை கீழ விவரமா சொல்றேன்.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமா படுது. நிறைய பேர் இதை இந்தியாவோட கிராண்ட் கேன்யன்னு சொல்லிச் சொல்லியே கோட்டைங்கற விஷயத்தை ஓரமா தள்ளிட்டாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். பேரையே பாருங்க. தெலுங்குல கண்டின்னா ஆறு மலையை அறுத்துக்கிட்டு போற இடுக்கு, கோட்டான்னா கோட்டை. அதே கடப்பா ஜில்லாவுல பாபாக்னி ஆறு மலையைப் பொளந்துக்கிட்டு வர்ற இடத்துல ஒரு ஆஞ்சநேயர் கோவில் இருக்கு, அந்த ஊருக்கும் கண்டின்னுதான் பேரு. ஆறு இங்க இப்படி அறுத்ததாலதான் கோட்டை இங்க வந்துச்சு, ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணைப் பாத்தா பாதிதான் பாத்த மாதிரி.

ஆத்தைப் பத்தி முதல்ல. இது பெண்ணாறு, தெலுங்குல பென்னா, நம்ம பக்கத்துப் பழைய ஆளுங்க வடபெண்ணைன்னு சொல்வாங்க. கர்நாடகால நந்தி மலைப் பக்கம் பொறந்து, அனந்தபூர், கடப்பா, நெல்லூர்னு 597 கிலோமீட்டர் ஓடி வங்காள விரிகுடாவுல சேருது. அதே நந்தி மலைலதான் நம்ம தென்பெண்ணையும் பொறக்குது, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவிலூர் தாண்டி கடலூர்ல கடல்ல கலக்கற அதே தென்பெண்ணை. சமஸ்கிருதத்துல ஒண்ணு உத்தர பினாகினி, இன்னொண்ணு தட்சிண பினாகினி. அக்கா தங்கச்சி மாதிரி ரெண்டு ஆறு, ஒரே வீட்டுல பொறந்து ஒண்ணு வடக்கயும் ஒண்ணு தெக்கயும் வாக்கப்பட்டுப் போயிடுச்சு. பசங்களுக்கு இதை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, அங்க நின்னு பாக்கும்போது அந்நியமான இடமா தோணாது.

இந்தப் பெண்ணாறு எர்ரமலைங்கற மலைத்தொடரை அறுத்துக்கிட்டு போற இடத்துல, வலது கரைல, கோட்டை. மேற்குலயும் வடக்குலயும் கீழ ஆறு, கிட்டத்தட்ட 300 அடி ஆழத்துல. நிறைய இடத்துல கிரானைட்னு எழுதி வச்சிருப்பாங்க, அது கிரானைட் இல்ல, குவார்ட்சைட். பல கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆழமில்லாத கடலோரத்துல படிஞ்ச மணல் இறுகி இறுகி பாறையானது, புவியியல்காரங்க அந்தப் பாறை அடுக்குக்கே கண்டிகோட்டா குவார்ட்சைட்னுதான் பேரு வச்சிருக்காங்க. குனிஞ்சு தரையைப் பாத்தீங்கன்னா சில பாறைல கடற்கரை ஈரமணல்ல இருக்கற மாதிரி வரி வரியா அலைத்தடம் தெரியும், என் கூட வந்த அக்கா பையன் அதைத் தொட்டுப் பாத்துட்டு இது பீச்சான்னு கேட்டான், ஆமாடா பீச்தான்னு சொன்னேன். பாறை படுக்கை படுக்கையா கிடக்கு, செங்குத்தா விரிசலும் ஓடுது, அதனால உடையும்போது சரிஞ்சு விழாம சதுரம் சதுரமா பேத்துக்கிட்டு விழுது. யாரோ செங்கல் அடுக்கின மாதிரி அந்த விளிம்பு இருக்கறதுக்கு அதுதான் காரணம். கோட்டைச் சுவரும் அதே கல்லுல கட்டினது, தூரத்துலேர்ந்து பாத்தா எது மலை எது மதில்னு பிரிக்க முடியாது.

போற வழிலயே இன்னொரு கல்லையும் பாப்பீங்க. கடப்பா தாண்டி எர்ரகுண்ட்லா பக்கம் வந்ததும் ரோட்டோரத்துல கருங்கலர் பலகைக்கல் அடுக்கு அடுக்கா நிறுத்தி வச்சிருப்பாங்க, வயலுக்கு வேலி, வீட்டுச் சுவர், கூரை எல்லாமே அந்தக் கல்தான். நம்ம வீட்டு சமையல்கட்டு மேடைக்குப் போடறோமே கடப்பாக்கல், அது இங்கேர்ந்து வந்ததுதான், சுண்ணாம்புக்கல் வகை. அம்மாகிட்ட காட்டுங்க, எங்க அம்மா அந்தக் கல்லைப் பாத்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னாங்க.

இப்ப கோட்டைக் கதை. 1123ல மேலைச் சாளுக்கியருக்கு அடங்கின ஒரு சிற்றரசர் மண்கோட்டையா ஆரம்பிச்சாருன்னு சொல்றாங்க. இன்னிக்கு நாம பாக்கற பெரிய மதில், கோவில் எல்லாம் விஜயநகர காலத்துல பெம்மசானி நாயக்கர்கள் கைல இருந்தப்ப வளந்தது. விஜயநகரத்துக்கு ரொம்ப விசுவாசமான குடும்பம், 1565ல தலைக்கோட்டைப் போர்ல ஹம்பி போனதுக்கப்புறம் ராஜாக்கள் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர்னு தலைநகரை மாத்திக்கிட்டே தெக்க வந்தாங்க இல்லையா, அப்பவும் இவங்க இங்கயே நின்னு தாங்கினாங்க. கடைசியா 1650ல கோல்கொண்டா சுல்தானோட தளபதி மீர் ஜூம்லா புடிச்சிட்டார்.

மீர் ஜூம்லா யாருன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா சென்னைக்காரங்களுக்கு அவரோட நேரடி சம்பந்தம் இருக்கு. பாரசீகத்துல ஒரு எண்ணெய் வியாபாரி மகனா பொறந்து, கோல்கொண்டா வந்து வைர வியாபாரியாகி, மந்திரியாகி, கர்நாடிக்னு அப்ப சொன்ன நம்ம பகுதில நிறைய இடத்தைப் புடிச்சவர். 1640கள் கடைசில மதராஸ் கடற்கரை கோல்கொண்டா கைக்கு வந்தப்ப, புனித ஜார்ஜ் கோட்டைல இருந்த இங்கிலீஷ்காரங்க இவர்கிட்டதான் தங்களோட உரிமையை உறுதிப்படுத்திக்கிட்டாங்க. அதாவது நீங்க கிளம்பற ஊருக்கும் போய் சேர்ற ஊருக்கும் ஒரு காலத்துல ஒரே ஆள்தான் எஜமான்.

1652ல தவெர்னியேன்னு ஒரு பிரெஞ்சு நகை வியாபாரி இவரைப் பாக்க மதராஸ்லேர்ந்து கண்டிகோட்டாவுக்கு வந்தார், முத்தும் நகையும் விக்க. நீங்க இப்ப போகப்போற அதே திசைல, வழில ஒண்டிமிட்டா கோவிலைப் பாத்து அசந்து போய் எழுதியிருக்கார். கோட்டையைப் பத்தி அவர் எழுதினதை மனசுல வச்சுக்கிட்டு போனா கோட்டை பேச ஆரம்பிச்சிடும். ஏறி வர்ற பாதை 20, 25 அடி அகலம், சில இடத்துல 7, 8 அடிதான், மலையை வெட்டி எடுத்த பாதைக்குப் பக்கத்துல பயங்கரமான பள்ளம், அடில பெரிய ஆறு, மேல போனா நெல்லும் சோளமும் விளையற சின்ன சமவெளி, ஊத்துத் தண்ணி. முற்றுகைல உள்ள இருந்தவங்க 400, 500 அடி எடுத்து வைக்கற தூரத்தைத்தான் காவல் காக்க வேண்டியிருந்துச்சாம், மிச்சத்தை பள்ளமே பாத்துக்கிச்சு. மீர் ஜூம்லா ஐரோப்பிய பீரங்கிக்காரங்களை வச்சு பீரங்கியை மேல ஏத்தி வாசலை உடைக்க ஆரம்பிச்சதும்தான் உள்ள இருந்தவங்க இறங்கி வந்தாங்க. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், வாசல் பக்கம் ஏன் அவ்வளவு தடியா மதில், ஏன் நேரா நுழைய முடியாம வளைஞ்சு வளைஞ்சு போகுது, மரக்கதவுல ஏன் இரும்பு முள்ளு அடிச்சிருக்கு, எல்லாத்துக்கும் பதில் கிடைச்சிடும். யானை வந்து நெத்தியால முட்டி உடைக்கக் கூடாதுன்னு அந்த முள்ளு. எதிரி வரக்கூடிய ஒரே பக்கம் அதுதான்.

தவெர்னியே இன்னும் ரெண்டு சொல்றார். ஒண்ணு, மீர் ஜூம்லா தரைல உக்காந்து கால் விரல் இடுக்குலயும் இடது கை விரல் இடுக்குலயும் கடிதங்களைச் சொருகிக்கிட்டு, ஒவ்வொண்ணா உருவி ரெண்டு எழுத்தருங்களுக்கு பதில் சொல்லிக்கிட்டே இருப்பாராம். இன்னொண்ணு மனசுக்குக் கஷ்டமானது. பீரங்கி வார்க்க கோவில்கள்லேர்ந்து செப்புச் சிலைகளை எடுத்துட்டு வந்து மயேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் உருக்கினார், ஆனா கண்டிகோட்டா கோவில்ல இருந்த ஆறு பெரிய சிலைகளை மட்டும் எவ்வளவு முயற்சி பண்ணியும் உருக்க முடியலயாம். அவர் சொன்ன கதை அது, நான் மாதவராயர் கோவில்ல காலியான கருவறை முன்னாடி நின்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு, ரொம்ப நேரம் அங்கேர்ந்து நகர முடியல.

சரி, நடக்கற வரிசை. சாயங்காலம் மூணரை நாலு மணிக்கு கோட்டை வாசல்ல இறங்கிடுங்க, காரை உள்ள கொண்டு போகற ஆசை வேண்டாம், அப்பா அம்மாவால ரொம்ப நடக்க முடியலன்னா மட்டும் உள்ள போங்க. வாசல்லயே பத்து நிமிஷம் நில்லுங்க. உள்ள போனா ஊர் இருக்கு, ஆமா, இன்னும் ஜனங்க குடியிருக்காங்க, ஆடு மாடு, துணி காயுது, பசங்க ஓடுறாங்க, அதனால ஃபோட்டோ எடுக்கும்போது வீட்டு வாசல்ல நிக்கறவங்களைக் கேட்டுட்டு எடுங்க. ஊரைத் தாண்டினதும் புறாக்கூண்டு கோபுரம், சிறைச்சாலைன்னு சொல்ற கட்டடம். அதெல்லாம் போற போக்குல பாத்தா போதும்.

மாதவராயர் கோவிலுக்கு நேரம் ஒதுக்குங்க. நாலு நிலை கோபுரம், பதினாறாம் நூற்றாண்டு வேலை, உள்ள பெரிய பிராகாரம், தூண் முழுக்க சிற்பம். பூஜை கிடையாது, மூலவர் இல்ல. சாயங்கால வெயில் மேற்குலேர்ந்து மண்டபத்துக்குள்ள விழும்போது அந்தச் செங்கல் கலர் கல்லு உள்ளேர்ந்து எரியற மாதிரி இருக்கும். அப்பா அம்மா உக்கார நல்ல இடமும் இதுதான், மண்டபத் திண்ணை குளுகுளுன்னு இருக்கும், அவங்களை இங்க விட்டுட்டு நீங்க பசங்களோட மிச்சத்தைச் சுத்தலாம்.

அடுத்து ஜாமியா மசூதி. ரெண்டு மினார், நடுவுல முற்றம், சுத்தி வளைவு வளைவா அறைகள். பக்கத்துலயே பெரிய தானியக் களஞ்சியம், கூடம் மாதிரி வளைஞ்ச கூரை, உள்ள போய் பசங்களைக் கத்தச் சொல்லுங்க, எதிரொலி கேட்டு சிரிப்பாங்க. முற்றுகை மாசக்கணக்குல நீண்டா உள்ள இருக்கறவங்க சாப்பிடணுமே, அதுக்குத்தான் இவ்வளவு பெருசு. மசூதி எதுக்க இருக்கற குளத்தை கத்துல கோனேருன்னு சொல்வாங்க, போர் முடிஞ்சு வந்து கத்தி கழுவின குளம்னு ஊர்ல சொல்ற கதை. ஆறு அவ்வளவு ஆழத்துல ஓடற ஒரு மலை உச்சில இத்தனை பேர் இத்தனை வருஷம் வாழ்ந்தது இந்த மாதிரி குளத்தாலதான், எனக்கு மதிலை விட இந்தக் குளம்தான் பெரிய வேலையா தெரியுது.

ஒரு பக்கம் கோவில், ஒரு பக்கம் மசூதி, கூப்பிடு தூரத்துல, ரெண்டும் சேந்துதான் வானத்துல கோடு போடுது. மீர் ஜூம்லாவுக்கு அப்புறம் கடப்பா நவாபுங்க, ஹைதர் அலி, திப்புன்னு கை மாறி, மூணாவது மைசூர் போர்ல இங்கிலீஷ் படைகிட்ட விழுந்துச்சு. 1800ல நிஜாம் இந்தப் பகுதியையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததும் கோட்டைக்கு வேலை இல்லாம போச்சு, இடிஞ்சதை கட்ட ஆளில்ல.

இதெல்லாம் பாத்துட்டு, ரங்கநாதர் கோவில் பக்கமா நடந்து கடைசியா பள்ளத்தாக்குக்கு வாங்க. நான் ஏன் கடைசின்னு சொல்றேன்னா, வாசல்லேர்ந்து இவ்வளவு தூரம் மதில், காவல், களஞ்சியம்னு பாத்துட்டு வந்து திடீர்னு தரை முடிஞ்சு கீழ ஆறு தெரியும்போது, ஓ, இந்தப் பக்கம் வாசலே தேவையில்லன்னு உங்களுக்கே புரியும், ஒரு வார்த்தை யாரும் சொல்ல வேண்டாம். இதை முதல்ல பாத்துட்டா அந்தப் புரிதல் வராது.

இங்க ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். நான் போனப்ப எல்லாம் அந்த விளிம்புல கம்பியோ தடுப்போ கிடையாது. பாறை பெயர்ந்து பெயர்ந்து கிடக்கு, காத்து வேற தள்ளும், மழை பெஞ்சா வழுக்கும். பசங்க கையை ஒரு நிமிஷம் கூட விடாதீங்க, ஓரத்துல காலைத் தொங்கப்போட்டு ஃபோட்டோ எடுக்கறவங்களைப் பாத்து நீங்களும் போகாதீங்க. அம்மா அப்பாவுக்கு முட்டி வலி இருந்தா கடைசி நூறடி பாறை மேல ஏறி இறங்கறது கஷ்டம், அவங்களுக்கு முன்னாடியே கொஞ்சம் சமமான இடத்துலேர்ந்து ஆறு தெரியும், அது போதும். இருட்டறதுக்கு முன்னாடி திரும்பிடுங்க, உள்ள வெளிச்சம் கிடையாது, டார்ச் எடுத்துட்டுப் போங்க.

ஆத்துல தண்ணி இருக்குமான்னு எல்லாரும் கேப்பாங்க. மேல பக்கம் கண்டிகோட்டா அணை, கீழ பக்கம் மைலவரம் அணை, நடுவுல இந்தப் பள்ளத்தாக்கு, அதனால தண்ணி மட்டம் அணைல எவ்வளவு தேக்கியிருக்காங்கங்கறதைப் பொறுத்து. அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் போனா பெரும்பாலும் பச்சைத் தண்ணி நிறைஞ்சு இருக்கும், வெயிலும் தாங்கும். ஏப்ரல் மே மாசம் பசங்களோட போகவே போகாதீங்க, ராயலசீமா வெயில் நம்ம வேலூர் வெயிலை விட மோசம்.

தங்கறதுக்கு கோட்டைக்கு முன்னாடியே ஆந்திரா டூரிசத்தோட ஹரிதா ஹோட்டல் இருக்கு, முன்கூட்டியே புக் பண்ணிடுங்க, வீக்எண்டுல கிடைக்காது. டென்ட் போட்டுத் தர்றவங்களும் இருக்காங்க, ஒரு தடவை அட்வான்ஸ் வாங்கிட்டு கிழிஞ்ச டென்டைக் கொடுத்து ராத்திரி முழுக்க காத்துல உக்கார வச்சாங்க, அதனால வயசானவங்களோட போகும்போது ரூம்தான் நல்லது. இல்லன்னா 15 கிலோமீட்டர்ல ஜம்மலமடுகு, அங்க லாட்ஜ், ஏடிஎம், மெடிக்கல் ஷாப் எல்லாம் இருக்கு. ரயில்ல வர்றதா இருந்தா சென்னை மும்பை லைன்ல முத்தனூர் ஸ்டேஷன் பக்கம், ஆனா நிறைய ரயில் அங்க நிக்காது, கடப்பா இல்ல எர்ரகுண்ட்லால இறங்கி வண்டி எடுக்கறது சுலபம். சாப்பாட்டுக்கு ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிப் புலுசும் கிடைச்சா விடாதீங்க, காலைல மொளகா பஜ்ஜியோட உக்கானி, அது பொரியை நனைச்சு தாளிச்சது, வயித்துக்கு லேசு. கோட்டைக்குள்ள பெருசா கடை எதிர்பாக்காதீங்க, தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர்.

மறுநாள் விடியக்காலம் அஞ்சரைக்கு எழுந்து திரும்பவும் பள்ளத்தாக்குக்குப் போங்க, பசங்க தூங்கினா தூக்கிட்டாவது போங்க. முதல் வெயில் எதிர்க்கரைப் பாறைல மேலேர்ந்து கீழ ஒவ்வொரு அடுக்கா இறங்கிக்கிட்டே வரும், ஆறு மட்டும் கடைசி வரைக்கும் நிழல்லயே இருக்கும், கூட்டம் வந்திருக்காது, பறவைச் சத்தம் கீழேர்ந்து மேல வரும்.

அதுக்கப்புறம் நேரம் இருந்தா ரெண்டு இடம் பக்கம், ரெண்டுமே ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள. பசங்களுக்காகன்னா பேலம் குகை, மூணு கிலோமீட்டருக்கு மேல நீளம், அதுல பாதி தூரம் வரைக்கும் உள்ள போகலாம். 1884ல அதைப் பதிவு பண்ணவர் ராபர்ட் புரூஸ் ஃபுட், 1863ல நம்ம பல்லாவரத்துல கற்கோடாரி கண்டுபிடிச்ச அதே ஆள்தான். ஆனா உள்ள புழுக்கம் அதிகம், அப்பா அம்மாவுக்கு மூச்சு வாங்கும்.

என்னைக் கேட்டா நீங்க தாடிபத்ரிக்குப் போங்க. கண்டிகோட்டாவை ஆண்ட அதே பெம்மசானி குடும்பம்தான் அங்க புக்கா ராமலிங்கேஸ்வரர் கோவிலையும் சிந்தல வெங்கடரமணர் கோவிலையும் கட்டினது. ராமலிங்கேஸ்வரர் கோவில்ல கோபுரம் முடியாமலே நிக்குது, ஆனா செஞ்ச வரைக்கும் கல்லுல ஊசி இடம் விடாம வேலை, லிங்கத்தைச் சுத்தி ஊத்துத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கும், தெலுங்குல புக்கான்னா ஊத்து, அதனாலதான் அந்தப் பேரு. இங்க பூஜை நடக்குது, அம்மா நிம்மதியா கும்பிடலாம். கோவில் இருக்கறதும் பெண்ணாத்தங்கரைலதான், கண்டிகோட்டாவுக்குப் போறதுக்கு முன்னாடி ஆறு இந்த ஊரைத் தாண்டித்தான் போகுது. முந்தின நாள் 300 அடி மேலேர்ந்து பாத்த ஆத்துல இங்க பசங்க கால் வைக்கலாம்.